குதிரைக்கு நோன்பில்லை

மகனே, உனக்கு முதலில் ஸலாம். இதைச் சொல்வது நான், எழுதுவது உன் ராத்தா, என் மூத்த மகள். எனக்கு எழுதவும் வாசிக்கவும் தெரியாதென்பது உனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் கொடுக்கிறவளுக்கு இன்றைக்கு நான் சொல்வதெழுதல் கொடுக்கிறேன். ஒன்றையும் விடக்கூடாது, தன் பாட்டுக்கு ஒன்றையும் சேர்க்கவும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "நீங்க கதைக்கிற மாதிரியே எழுதினா வாசிக்கிறவங்க சிரிப்பாங்க வாப்பா" என்றாள். பேச்சை நேராக்கி எழுதிக்கொள், கதையை நேராக்காதே என்றேன். சம்மதித்துத்தான் பேனையை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீ கட்டாரிலிருந்து போன் எடுத்தாய். சுகம் விசாரித்த பிறகு குரலைத் தாழ்த்தினாய். "வாப்பா, நோன்பு வரப் போகுது. லாயத்துக்குப் பொறுப்பானவர் புது ஒழுங்கு ஒண்டு சென்னாரு. குதிரையளுக்கு நோன்பு முடியுமட்டும் ரெண்டு நேரந்தான் தீனியாம். விடியமுந்தி ஸஹருக்கு ஒண்டு, அந்திக்கு நோன்பு திறந்தாப் பொறகு ஒண்டு. பகலைக்கு ஒருத்தரும் லாயத்துக்குள்ள போகத் தேவல்லயாம். எனக்கு என்னவோ மனம் சரியில்ல. என்ன செய்யிற?" என்று கேட்டாய். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவங்க சொல்றத செய் மனே. போய் நாலு மாசந்தானே. வாயத் தொறக்காத" என்றேன். நீயும் "ஓம் வாப்பா" என்று வைத்துவிட்டாய்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் உம்மா பார்த்துப் பார்த்துக் கடைசியில், "என்ன, சோத்தப் பிசைஞ்சு பிசைஞ்சு கணக்குப் பாக்கியளா? மீனுல பழுதா, என்னில பழுதா?" என்று கேட்டாள். மீனிலும் பழுதில்லை, அவளிலும் பழுதில்லை. நான் உனக்குச் சொன்ன மறுமொழியில்தான் பழுது. அதைத் திருப்பி எடுக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் என் குரல் உடைந்துவிடும், நீயும் "விடுங்க வாப்பா" என்று சொல்லிவிடுவாய். கடிதத்தில் நீ என்னை நிறுத்த முடியாது.

நான் சவூதிக்குப் போகிறபோது உன் ராத்தா நாற்பது நாள் பிள்ளை. நீ பிறக்க இன்னும் பல வருடம் இருந்தது. அதுவரை நாவிதன்வெளிப் பக்கத்து வயல்களில் பிறருடைய எருமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உழவுக்கும் சூடடிப்புக்கும் எருமைகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. ஏஜென்சிக்காரர், "மிருகம் பாக்கத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்" என்றேன். என்ன மிருகம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கே போய் இறங்கினால் பதினெட்டுக் குதிரை. குதிரையை அதுவரை நான் தீப்பெட்டிப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

அந்த லாயத்தில் வேலைக்கு இரண்டு பேர். நானும் இத்ரீஸ் என்கிற சூடான்காரனும். என் வயதுதான். நெட்டையன், பல் முழுக்கச் சிரிப்பு. நான் வந்த முதல் நாள், எருமைக்குப் போடுகிற மாதிரி ஒரு தொட்டி நிறையப் பார்லியைக் கொட்டிவிட்டு, குதிரை தின்னட்டும் என்று பெருமையாக நின்றேன். அவன் ஓடிவந்து தொட்டியைக் கவிழ்த்துவிட்டான். எனக்கு அரபி தெரியாது, அவனுக்கு நம்முடைய பாஷை தெரியாது. கையால் எருமைக் கொம்பு காட்டி, என் நெஞ்சில் குத்தி, "ஜாமூஸ், ஜாமூஸ்" என்றான். ஜாமூஸ் என்றால் எருமை. அன்றைக்கு வைத்த பெயர்தான். பிறகு அரபி பழகினதும் நானும் அவனை ஒட்டகம் என்று கூப்பிட்டேன். கழுத்து அப்படி. இரண்டு பேரும் ஒரு தட்டில் சோறு தின்றோம், ஒரு வாளியில் குளித்தோம். உங்கள் சாச்சாமாரோடு, என் கூடப்பிறந்த தம்பிமாரோடு, இருந்ததைவிட அவனோடு நான் நெருக்கமாக இருந்தேன் என்று சொன்னால் அவர்கள் கோபிப்பார்கள், ஆனாலும் அது உண்மை.

ஜாமூஸ் என்று அவன் கேலி செய்ததில் விஷயம் இருந்தது. மாட்டுக்கும் எருமைக்கும் தின்றதைத் திருப்பி எடுத்து அசைபோட வசதி உண்டு. நிரப்பிவிட்டால் மரநிழலில் படுத்து ஆறுதலாக அரைத்துக்கொள்ளும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளே சின்ன இரைப்பை. தொண்டையால் போனது போனதுதான், வாந்திகூட எடுக்காது. பிழையான தீனி உள்ளே போனால் முன்பக்கத்தால் வெளியே வராது, வயிறே கிழிந்தாலும் உள்ளேயேதான் கிடக்கும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க. வனத்தில் விட்டால் குதிரை காலையிலிருந்து மாலைவரை தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டேயிருக்கும். நாம் அதைக் கட்டிப்போட்டு நம்முடைய நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். ஆகவே முதல் கடமை, அதன் முன்னால் புல் இல்லாமல் நெடுநேரம் விடாதே. பார்லி இரண்டாவது. பார்லி போடாத குதிரை கொஞ்சம் மெலியும். புல் இல்லாத குதிரைக்கு நோய் வரும்.

நான் எதையும் எழுதிவைக்க முடியாதவன் என்பதால் பதினெட்டு வயிற்றையும் தலைக்குள்ளே வைத்திருந்தேன். இப்போதும் சொல்வேன். வாசலடியில் நின்ற சிவப்புக் குதிரை அவசரக்காரன், பார்லியைக் கண்டால் அரைக்காமல் விழுங்குவான். அவனுக்கு முதலில் புல்லைப் போட்டுப் பசியை ஆற்றிவிட்டுத்தான் பார்லி, அதுவும் தொட்டிக்குள் கையளவு கல் இரண்டு போட்டு, கல்லைத் தள்ளித் தள்ளித் தின்ன வைக்க வேண்டும். அடுத்தது கறுப்பு, உப்புக்கட்டியை நக்கியே முடிப்பான். மூன்றாவது ஒரு குட்டி போட்ட தாய், அவளுக்கு மற்றவர்களைவிடக் கூடப் போட வேண்டும். தகரப் பேணியால் அளக்காதே மகனே, நிறுத்துப் போடு. ஒரு பேணி தவிடும் ஒரு பேணி பார்லியும் கண்ணுக்கு ஒன்று, பாரத்தில் ஒன்றில்லை. புது மூட்டை பிரித்தால் பழையதோடு கலந்து, நாளுக்கு நாள் கூட்டிக் கூட்டி, ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கு மேலெடுத்து மாற்று. புல் கட்டை அவிழ்த்ததும் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மணந்து பார். பூஞ்சணம் மணத்தால், தூசி பறந்தால், எவ்வளவு விலைப்பட்ட புல்லென்றாலும் வீசு. ஓடி வேர்த்து வந்த குதிரைக்கு மூச்சு ஆறுமட்டும் பார்லி காட்டாதே. ஓடாமல் நிற்கிற நாளில் பார்லியைக் குறை. கொழுத்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழிதான்: விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, கையை வைத்துத் தடவினால் கைக்குத் தெரிய வேண்டும். காலையில் போனதும் குதிரையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் விட்டையைப் பார். "இதையும் எழுதவா வாப்பா?" என்று உன் ராத்தா மூக்கைச் சுளிக்கிறாள். எழுது புள்ள. குதிரை பொய் சொன்னாலும் விட்டை பொய் சொல்லாது.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரியாமல் செய்த பிழை என்று நீ நினைக்கக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன்.

அது என்னுடைய மூன்றாவது நோன்பு அங்கே. இத்ரீஸுக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, ஒரு பக்கம் முகம் பனங்காய் மாதிரி. ஸஹர் நேரத்துத் தீனியும் பகல் தீனியும் அந்தக் கிழமை அவனுடைய முறை. லாயச் சுவரில் தொங்கிய பலகையில் அவன் பெயர்தான் எழுதியிருந்தது. "நீ படு, ஒட்டகம். ரெண்டையும் நான் பார்க்கிறேன்" என்றேன். "பகல் தீனியை மறந்துவிடாதே, ஜாமூஸ்" என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தான்.

நான் மறக்கவில்லை மகனே. ஸஹர் நேரத்தில் பார்லியை நிறுத்துக்கொண்டு நிற்கும்போதே ஞாபகம் இருந்தது. பகலைக்கு வெயில் எப்படி இருக்கும், நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கும், அந்த நேரம் எழும்பி வாளி தூக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு இன்னொன்றும் நினைத்தேன். நாமெல்லாம் ஸஹருக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தானே பகலைத் தாங்குகிறோம், குதிரையும் தாங்கும்தானே, பாவம், இப்போதே நிறையத் தின்றுகொள்ளட்டும். இரக்கமும் சோம்பலும் ஒரே சட்டைக்குள் வந்தன. எது எதுவென்று நான் பார்க்கவில்லை. இரண்டு நேரத்துப் பார்லியையும் ஒன்றாகப் போட்டேன். அந்த மாதம் குதிரைகளை ஓட்டுவதும் குறைவு, பார்லியைக் குறைக்க வேண்டிய நேரத்தில் இரட்டித்துவிட்டேன். பேருக்கு ஒரு பிடி புல். விடியல் ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து படுத்தேன். நல்ல நித்திரை. அல்லாஹ் மன்னிக்க வேண்டும், அவ்வளவு நல்ல நித்திரை.

வெயில் ஏறின பிறகு, கால் தரையை உதைக்கிற சத்தம் கேட்டு எழும்பினேன். ரீம். சாம்பல் நிறத்துக் கிழட்டுப் பெண்குதிரை. பல் தேய்ந்தவள், அரைக்க மாட்டாமல் விழுங்கியிருக்கிறாள். முன்னங்காலால் மண்ணைத் தோண்டுகிறாள், திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கிறாள், படுக்கிறாள், எழும்புகிறாள், மறுபடி படுத்துப் புரள்கிறாள். உடம்பெல்லாம் வேர்வை. இத்ரீஸ் வீங்கிய முகத்தோடு ஓடிவந்து கயிற்றைப் பிடித்து அவளை எழுப்பி நடத்தினான். காலியான தொட்டியை ஒருதரம் பார்த்தான், என்னை ஒருதரம் பார்த்தான். மிருக வைத்தியர் வந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். நல்ல குதிரையின் வயிறு எப்போதும் கடபுடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, சத்தமில்லை என்று தலையை ஆட்டினார். குழாய் விட்டார், ஊசி போட்டார். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது அவளுடைய தலை என்னுடைய மடியில் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் தலையைத் தூக்கவில்லை. மற்றக் குதிரைகள் தப்பினது அல்லாஹ் செய்த உதவி, என்னுடைய கெட்டித்தனமில்லை.

லாயத்துப் பொறுப்பாளரை நாங்கள் முதீர் என்போம். அவர் வந்தார். "ஸஹருக்குத் தீனி போட்டது யார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். "இத்ரீஸ்" என்று வாசித்தார். இத்ரீஸ் என்னைப் பார்த்தான். அவன் தானாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நான் என்று அவன் நினைத்தான், அவ்வளவு நம்பிக்கை. நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரை இன்றைக்கும் எனக்குத் தெரியும், மரத்தூள் போட்டது, ஈரமாக ஒரு இடம். ஊரில் பெண்பிள்ளை இருக்கிறது, அவளுக்கு வீடு கட்ட வேண்டும், நான் திரும்பிப் போனால் மறுபடி எருமைதான் என்று மட்டும் தலைக்குள் ஓடியது. முதீர் போய்விட்டார்.

இந்த இடத்தில் உன் ராத்தா பேனையை வைத்துவிட்டாள். "வாப்பா, இத எழுதத்தான் வேணுமா?" என்கிறாள். அவள் இருந்து எழுதுகிற இந்த வீடு அவளுக்காக நான் கட்டிய வீடு. நம்முடைய பக்கத்தில் பெண்பிள்ளை பெற்றவன் அவள் கலியாணத்துக்கு ஒரு வீடு கட்டாமல் இருக்க முடியாது, அது உனக்கும் தெரியும். எந்தப் பேச்சை விழுங்கி இந்தச் சுவர் எழும்பியதென்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியவருகிறது. எழும்பிப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம், சொல்லுங்க" என்றாள்.

இத்ரீஸை வேலையால் நிறுத்திவிட்டார்கள்; மூன்றாம் நாள் அவனை விமான நிலையத்துக்கு ஏற்ற வண்டி வந்தது. வெள்ளை அங்கி போட்டிருந்தான். வீக்கம் வற்றியிருந்தது. நான் அவனுடைய பையைத் தூக்கப் போனேன், அவன் விடவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக என்னை ஜாமூஸ் என்று கூப்பிடாமல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "உனக்கு எழுத்து மட்டும்தான் தெரியாது என்று நினைத்திருந்தேன்" என்றான். வண்டியில் ஒரு காலை வைத்தவன் திரும்பி, "கறுப்பனுக்கு உப்புக்கட்டி முடிந்துவிட்டது, இன்றைக்கே வை" என்று சொல்லிவிட்டு ஏறினான். எனக்கு அவன் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். சூடானில் அவனுடைய ஊர்ப் பெயரைக்கூட நான் ஒழுங்காகக் கேட்டு வைக்கவில்லை. கேட்டிருந்தாலும் யாரைக் கொண்டு, என்னவென்று எழுதியிருப்பேன்?

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அங்கே இருந்தேன். ஒரு பகல் தீனியும் தவறவில்லை. நோன்பு வைத்துக்கொண்டு, வெயிலில், பதினெட்டுக்கும் நடந்தேன். முதீர் என்னை மெச்சினார். ஊருக்கு வந்தால் நம்முடைய ஆட்கள், குதிரை மருத்துவரே வந்துவிட்டார் என்று பகடி பண்ணினார்கள். நானும் சிரித்துக்கொண்டேன். உன் உம்மாவுக்குக்கூட இதைச் சொல்லவில்லை. நீ லாயத்து வேலைக்குப் போகிறேன் என்றபோது நான் சந்தோசப்பட்டதாக நீ நினைத்தாய். எனக்குப் பயம். உன் பிழைப்பைப் பற்றிய பயமென்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை நீ கேட்டதும், மரத்தூள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே ஆள்தான் உனக்குப் போனில் மறுமொழி சொன்னான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நோன்பு தொடங்க முந்தி உன் பொறுப்பாளரிடம் போ. நாலு பேருக்கு முன்னால் கேட்காதே, அவருக்கும் மானம் உண்டு. தனியாக இருக்கிற நேரம் பார்த்து, மரியாதையாகக் கதை. குதிரைகளை ஓட்டுவது குறைவென்றால் பார்லியையும் குறைப்போம், அது நல்லது என்று அவருடைய பக்கத்திலிருந்தே தொடங்கு. குறைத்ததைக்கூட ஒரே நேரத்தில் போட வேண்டாம், சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுவோம் என்று சொல். காலையிலிருந்து அந்திவரை முன்னால் புல்லும் தண்ணீரும் இருக்க வேண்டும் என்று சொல். பகலைக்கு யார் போவது என்று கேட்பார். நான் போகிறேன் என்று சொல். நோன்போடு போக ஏலுமா என்பார். என்னால் ஏலுமாக இருந்தது, நீ என்னைவிட இளந்தாரி. நோன்பு அல்லாஹ் நமக்குக் கடமையாக்கினது. குதிரைக்கு அவன் கடமையாக்கவில்லை, நாமும் ஆக்கக்கூடாது.

உனக்கென்ன தெரியும், நேற்று வந்தவன் என்று அவர் சொல்லக்கூடும். என்னுடைய வாப்பா பன்னிரண்டு வருடம் சவூதியில் குதிரை பார்த்தவர் என்று நீ அங்கே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாய், எனக்குத் தெரியும். இந்த முறை அப்படிச் சொல்லாதே. "என்ட வாப்பா இதே நோன்பு மாசத்துல, ரெண்டு நேரத் தீனிய ஒண்டாப் போட்டு, ஒரு குதிரையச் சாகடிச்சவர். அந்தப் பழிய இன்னொருத்தன் தலையில போக விட்டவர். அவர்தான் சொல்லச் சொன்னவர்" என்று சொல். கெட்டிக்காரனுடைய புத்தியை ஆட்கள் மறுத்துப் பேசுவார்கள், கெட்டுப்போனவனுடைய சாட்சியை மறுப்பது கஷ்டம். உன்னோடு அறையில் இருக்கிற நம்முடைய ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதை வாசித்துக் காட்டு. மருதமுனைப் பொடியன் யாரோ ஒட்டகப் பண்ணையில் இருக்கிறான் என்றாயே, அவனுக்கும். என்னுடைய பெயரை மறைக்கத் தேவையில்லை.

பொறுப்பாளர் கேட்டால் நல்லது. கேட்காமல் உன்னை அனுப்பிவிட்டாலும் வா. உன் மாமனார் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று யோசிக்காதே. நீ வந்து இறங்குமுன் நானே போய், "உங்கட மருமகன் பிழை செஞ்சு வரல்ல, பிழை செய்யமாட்டன் எண்டு வந்திரிக்கான்" என்று வாசலில் நின்று சொல்வேன். சொல்லத் தெரியாதவன் இப்போது சொல்லப் பழகிவிட்டேன், இந்தக் கடிதமே சாட்சி.

நோன்புத் தலைப்பிறை கண்ட அன்றைக்கு எனக்குப் போன் எடு. வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று நான் கேட்கமாட்டேன். கதைத்தாயா என்று மட்டும்தான் கேட்பேன்.

உன் வாப்பா